எண்ணெய் பார்க்க மறந்தவள்

திருவண்ணாமலையில் லைசென்ஸ் வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் ஆதிலட்சுமியிடம் திட்டு வாங்கி ஓட்டக் கற்றவர்கள். மீதிப் பேர் வேறு இடங்களில் கற்றுக்கொண்டு, இன்றைக்கும் தேரடித் தெருவில் வண்டியைக் குறுக்கே நிறுத்திவிட்டு ரிவர்ஸ் கியரைத் தேடிக்கொண்டிருப்பவர்கள். இது ஆதிலட்சுமியின் கருத்து. மறுத்துப் பேச ஊரில் ஆளில்லை, ஏனென்றால் மறுக்கக்கூடியவர்களும் அவளிடம்தான் கற்றிருக்கிறார்கள்.

வேங்கிக்காலில் அவளும் கணவர் முருகவேலும் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார்கள். முருகவேல் முதலாளி, ஆதிலட்சுமி வாத்தியார். திங்கள் முதல் சனி வரை அவள் இடது சீட்டில் உட்கார்ந்து, தனக்கென்று பொருத்திய பிரேக் மிதியின்மேல் காலை வைத்தபடி, முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ஊரைச் சுற்றி வருவாள். செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்கு வந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் உலகத்தையும் சாலை விதியையும் ஒருசேரத் துறந்து நடுரோட்டில் நடந்துகொண்டிருப்பார். ஓட்டுகிறவர் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு மலையைப் பார்த்துக் கும்பிடுவார். இரண்டு பேரையும் ஒரே மிதியில் காப்பாற்றிவிட்டு, "கும்பிடறதுக்கு முன்னால வண்டிய நிறுத்துங்க சார், சாமி எங்கியும் போயிடாது" என்பாள்.

அவள் பள்ளியில் முதல் பாடம் ஸ்டீயரிங் அல்ல. பானெட்டைத் திறந்து, எண்ணெய் அளக்கும் கம்பியை உருவி, துணியால் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, எண்ணெய் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று சொல்ல வேண்டும். சொல்லத் தெரியாதவருக்கு அன்றைக்குச் சாவி கிடையாது. "வாய்க்கு சோறு, என்ஜினுக்கு எண்ண. நீங்க காலையில பட்டினியா வந்தீங்களா?" என்று கேட்பாள். பட்டினியாகவே வந்திருந்த சில பேர் அவமானத்தோடு தலையாட்டுவார்கள்.

முருகவேல் நல்ல மனிதர். வேகமுள் ஐம்பதைத் தாண்டினால் அவருக்கு உள்ளங்கை வேர்க்கும். அப்படிப்பட்டவர் ஏன் இந்தத் தொழிலுக்கு வந்தார் என்று கேட்டால், பயம் இருக்கிறவன்தான் ஒழுங்காகச் சொல்லிக்கொடுப்பான் என்பார். ஆதிலட்சுமிக்கு அந்த நோய் இல்லை. கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் அவள் அப்பா மல்லாட்டை என்கிற நிலக்கடலை போட்டவர். மூட்டை ஏற்றிய டிராக்டரைப் பாவாடை கட்டிய வயதிலேயே ஓட்டி, வரப்பு, வாய்க்கால், பக்கத்துக் கொல்லைக்காரரின் வேலி என்று எதையும் பாகுபாடில்லாமல் கடந்தவள். கல்யாணமாகி வந்து, ஆறு நாளும் முப்பதில் ஊர்ந்து ஊர்ந்து, ஏழாம் நாள் அவள் வலது கால் தானாகத் தரையை மிதிக்க ஆரம்பித்துவிட்டது.

அதற்கு மருந்தாக வந்ததுதான் அந்த வெள்ளை டர்போ கார். சென்னையில் ஒரு டாக்டர் வாங்கி, மனைவிக்குப் பயந்து ஓட்டாமலே வைத்திருந்தது. எந்த கம்பெனி என்பது வேண்டாம். நடந்ததில் கம்பெனியின் மேல் குற்றமில்லை, அநியாயமாக ஒரு பெயரை இழுப்பானேன். மிதித்தால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும் ஜாதி என்பது போதும். முருகவேல் அதில் ஒருமுறை கோயில் வரைக்கும் போய்விட்டு, திரும்பி வரும்போது ஆட்டோவில் வந்தார்.

ஓட்ட இடம் கொடுத்தவன் இளவரசன். ரியல் எஸ்டேட் செய்கிறவன். கீழ்பென்னாத்தூர் போகிற வழியில் 'மலைக்காட்சி நகர்' என்று ஒரு லே-அவுட் போட்டிருந்தான். நகருக்கு நுழைவு வளைவு இருந்தது, தார் ரோடு இருந்தது, மலைக்காட்சியும் இருந்தது. வீடு மட்டும் இல்லை. நடுவில் ஒரு வறண்ட குட்டை. அதை விற்க முடியாததால் 'பூங்கா' என்று பலகை வைத்து, சுற்றிலும் நீள்வட்டமாக அகல ரோடு போட்டிருந்தான். மனை வாங்க ஒருவரும் வராத அந்த ரோட்டுக்கு, ஞாயிற்றுக்கிழமை காலையில் கார்ப் பைத்தியங்கள் வந்தார்கள். கூட்டம் இருந்தால் விற்பனை நடப்பது போலத் தெரியும் என்று இளவரசனும் விட்டுவிட்டான்.

முதல் ஞாயிறு பூசணிக்காய் உடைத்து, எலுமிச்சம்பழத்தை நசுக்கி, இளவரசன் தன் காரைக் கிளப்பினான். குட்டையை இடமாகச் சுற்றப் போனான். ஆதிலட்சுமி கையை நீட்டி மறித்தாள்.

"டேய், எவன் செத்துட்டான்னு இடமா சுத்தற? பௌர்ணமிக்கு பௌர்ணமி மலைய வலமா சுத்தறோம். இங்க மட்டும் இன்னா தலைகீழா?"

கூட்டத்தில் எல்லோருமே மாதாமாதம் கிரிவலம் போகிறவர்கள். மலையை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு நடந்தே பழகிய கால்கள் அவர்களுடையவை. சாவு வீட்டுச் சடங்கில் சுற்றுவதுபோல் சுற்றலாமா என்று ஒருவர், பூசணிக்காய் உடைத்த இடத்தில் அபசகுனமா என்று இன்னொருவர். வலமாகத்தான் சுற்ற வேண்டும் என்று அங்கேயே முடிவாயிற்று. வறண்ட குட்டைக்கு வலம் வந்து புண்ணியம் சேர்த்த முதல் கூட்டம் உலகத்தில் அதுவாகத்தான் இருக்கும்.

ஆதிலட்சுமி அந்தக் கூட்டத்தில் எல்லோரையும்விட வேகமாகச் சுற்றினாள். மற்றவர்கள் வளைவில் காலைத் தூக்குவார்கள். அவள் தூக்க மாட்டாள். ஸ்டீயரிங்கை வலப்பக்கம் பிடித்தது பிடித்தபடி, வளைவு முடியும்வரை மிதித்தே இருப்பாள். இளவரசன் கைப்பேசியில் நேரம் பார்ப்பதை இரண்டாவது ஞாயிறோடு நிறுத்திக்கொண்டான். கைப்பேசியில் சார்ஜ் இல்லை என்றான். அடுத்தடுத்த வாரங்களிலும் இருந்ததில்லை.

மழைக்காலம் முடிந்த ஒரு ஞாயிறு அது நடந்தது. வளைவில் இருக்கும்போது, டேஷ்போர்டில் எண்ணெய்க்கான எச்சரிக்கை விளக்கு சிவப்பாக ஒருமுறை மினுக்கியது. நேர்ப்பட்டதும் அணைந்தது. அடுத்த சுற்றிலும் அதே மினுக்கல். மூன்றாவது சுற்றில் என்ஜினுக்குள் யாரோ சுத்தியலை வைத்துக்கொண்டு கதவைத் தட்டுவது போலக் கடகடவென்று ஒரு சத்தம். அவள் காலை எடுப்பதற்குள் பெரிதாக ஒரு வெடிப்பு. வண்டி நின்றது. அடியில் இருந்து எண்ணெய் ஒழுகி, மலைக்காட்சி நகரின் பிரதான சாலையில் கறுப்பாகப் பரவியது.

வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு காசியின் பட்டறைக்குப் போனார்கள். காசி ஊரில் பேர் வாங்கிய மெக்கானிக். பிரித்துப் பார்த்தார். பிஸ்டனைக் கிராங்க் என்கிற சுழல்தண்டோடு சேர்க்கும் ராடு ஒன்று முறிந்து, என்ஜின் சுவரைக் குத்திக்கொண்டு வெளியே வந்திருந்தது. அந்த ராடின் அடியில் கிராங்க்கைப் பிடித்திருக்க வேண்டிய பேரிங் கருகி, உருகி, செம்பு தெரியத் தேய்ந்து கிடந்தது. அதை விரலில் எடுத்து வெளிச்சத்தில் காட்டினார்.

"எண்ண இல்லாம ஓடியிருக்குமா. காஞ்சு போன பேரிங்கு இப்பிடித்தான் இருக்கும்."

"காசிண்ணா, காலையில நான்தான் கம்பிய எடுத்து பார்த்தேன். மேல்கோட்டுல நின்னுச்சு."

"போன வாரம் பார்த்தத இந்த வாரம்னு நெனச்சிகினு இருப்ப."

"வளைவுல வெளக்கு மினுக்குச்சுண்ணா."

"வயரு லூசா இருக்கும்" என்று காசி அதையும் முடித்துவைத்தார்.

எண்ணெய் இருந்ததற்குச் சாட்சி சொல்ல வேண்டிய எண்ணெய், ஓட்டை வழியாகத் தாரில் கொட்டிப் போயிருந்தது. கூடியிருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வைக்குப் பொருள் சொல்ல வேண்டியதில்லை. இளவரசன் ஒருவன்தான் வாய் திறந்தான், அதுவும் ரொம்பப் பரிவாக. "வுடுக்கா, வூட்டு வேல, ஸ்கூலு வேல, ஆயிரம் இருக்குது. பொம்பளைங்களுக்கு எண்ண பாக்கறதெல்லாம் ஞாபகம் இருக்குமா?" இதே பரிவை அவன் டீக்கடையிலும், பஸ் ஸ்டாண்டிலும், பத்திர ஆபீஸ் வாசலிலும் அலுக்காமல் விநியோகித்தான். மனை விற்பதில் இந்த உழைப்பைக் காட்டியிருந்தால் மலைக்காட்சி நகரில் இன்று ஒரு சந்தையே நடந்திருக்கும்.

அடுத்த வாரம் புதிதாகச் சேர்ந்த ஒருவர், வங்கியில் வேலை பார்ப்பவர், கம்பியை உருவிப் பார்த்துவிட்டு, "மேடம், நீங்க ஒருவாட்டி பாத்துடுங்களேன்" என்று சிரித்தார். சிரித்தவரை ஆதிலட்சுமி வெயிலில் உச்சிவேளை வரை ரிவர்ஸ் எடுக்க வைத்தாள். ஆனால் அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை.

இவர்களையெல்லாம்கூட அவள் தாங்கிக்கொண்டாள். முருகவேல் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. அவர் கத்தவில்லை, குத்திக்காட்டவில்லை. அவள் தட்டில் இன்னொரு தோசை வைத்தபடி மெதுவாகச் சொன்னார்.

"மறந்திருப்ப லட்சுமி. மனுசங்கதானே. நான் ஒண்ணும் மனசுல வெச்சுக்கல, மன்னிச்சிட்டேன். ஆனா இன்னொரு வாட்டி இப்பிடி ஆச்சுன்னா வண்டிய குடுத்துடலாம்."

"நான் மறக்கலங்க."

"சரி சரி, மறக்கல. சாப்புடு."

அந்த 'சரி சரி'க்குப் பதிலாக அவர் தோசைக்கரண்டியை வீசி எறிந்திருக்கலாம். செய்த தப்புக்கு மன்னிப்பு வாங்குவது ஒருவிதம். செய்யாத தப்புக்கு வாங்குவது, போடாத மொய்க்கு நன்றி வாங்குவது மாதிரி நெஞ்சில் நிற்கும். அதைவிட மோசம், நாளாக ஆக அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. அன்றைக்குக் காலையில் கம்பியைத் துடைத்த துணி எந்த நிறம் என்று யோசிப்பாள். ஒரு நாள் சிவப்பு, இன்னொரு நாள் நீலம். ஒருவேளை மறந்துதான் போனோமோ என்று தூக்கத்தில் எழுந்து உட்காருவாள்.

சென்னை புதுப்பேட்டையிலிருந்து பழைய என்ஜின் ஒன்று வந்து காரில் ஏறியது. இந்த முறை ஆதிலட்சுமி காசியிடம் ஒரே ஒரு கோரிக்கை வைத்தாள். எண்ணெய் எவ்வளவு அழுத்தத்தோடு என்ஜினுக்குள் ஓடுகிறது என்று காட்டும் தனி மீட்டர் ஒன்று டேஷ்போர்டில் வேண்டும்.

"ஏம்மா, எம்மேல நம்பிக்க இல்லியா?"

"உங்க மேல இருக்குதுண்ணா. எம்மேலதான் யாருக்கும் இல்ல."

காசி மறுபேச்சு பேசாமல் பொருத்திக் கொடுத்தார்.

அடுத்த ஞாயிறு மலைக்காட்சி நகரில் கும்பாபிஷேகத்துக்குக் கூடியது போலக் கூட்டம். ஆதிலட்சுமி பானெட்டைத் திறந்தாள். ஊரே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எண்ணெய்க் கம்பியைப் பார்த்தது. மேல்கோட்டில் நின்றது. இளவரசன் படம் எடுத்தான். கைப்பேசியில் அன்றைக்கு ஏனோ சார்ஜ் இருந்தது. காசி கம்பியை வாங்கித் தானும் ஒருமுறை விட்டுப் பார்த்தார். பிறகு ஆதிலட்சுமி கணவரைக் கூப்பிட்டாள்.

"நீங்க இடது சீட்டுல உக்காருங்க. ரோட்ட பாக்க வேணாம். இந்தப் புது மீட்டரு முள்ள மட்டும் பாருங்க."

முருகவேல் காரைப் பார்த்தார், மலையைப் பார்த்தார், ஏறினார். இருபது வருஷக் கல்யாண வாழ்க்கையில் அவர் செய்த பெரிய வீரச்செயல் அது. பெல்ட்டைப் போட்டு, மேலே இருந்த கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ரோட்டைப் பார்க்க வேண்டாம் என்றது அவருக்குப் பெரிய உதவி. முள்ளையே பார்த்தார்.

வண்டி கிளம்பியது. வளைவு வந்ததும் ஆதிலட்சுமி வழக்கம்போல் ஸ்டீயரிங்கை வலப்பக்கம் பிடித்து மிதித்தாள். முருகவேலின் வலது கால், இல்லாத பிரேக்கைத் தேடித் தரையைக் குத்தியது. ஆனால் கண் முள்ளைவிட்டு அகலவில்லை.

"லட்சுமி, வுழுது! முள்ளு வுழுது!"

காலைத் தூக்கினாள். முள் மெல்ல எழுந்தது. வளைவு முடிந்து நேர்ப்பட்டதும் பழைய இடத்தில் போய் நின்றது. அவள் வண்டியை ஓரம் கட்டினாள். பானெட்டைத் திறந்து, கொஞ்சம் பொறுத்து, கம்பியை உருவினாள். எண்ணெய் அதே மேல்கோட்டில் சௌகரியமாக நின்றுகொண்டிருந்தது.

"எண்ண இருக்குது. ஆனா போவல" என்றார் முருகவேல், யாரும் கேட்காமலே.

ஆதிலட்சுமியின் மனதில் ஒரு கல்யாணப் பந்தி ஓடிக்கொண்டிருந்தது. இலை ஒருபக்கம் சாய்ந்து கிடந்தால், ஊற்றிய ரசம் முழுக்க அந்தப் பக்கத்துக்கு ஓடிவிடும். இந்தப் பக்கம் கையை வைத்தால் வெறும் சோறுதான் கிடைக்கும். வண்டி வலப்பக்கம் வளைந்தால் உள்ளே இருப்பவர்கள் இடப்பக்கம் சாய்கிறார்கள். எண்ணெய் மட்டும் நேராக உட்கார்ந்திருக்குமா?

"காசிண்ணா, என்ஜினுக்கு அடியில எண்ண நிக்கற தொட்டி இருக்குதில்ல, அதுலேர்ந்து எண்ணைய உறிஞ்சற குழா எந்தப் பக்கம் இருக்குது?"

காசி கண்ணை மூடி, கையால் காற்றில் என்ஜினைப் பிரித்தார். "வலப்பக்கம்." சொன்னவர் கண்ணைத் திறந்தார். எண்ணெய் முழுவதும் இடப்பக்கம் ஓடியிருக்க, குழாய் வலப்பக்கம் வெறும் காற்றை உறிஞ்சிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் பேரிங்குக்குப் போனது காற்றுதான். எண்ணெய் இல்லாமல் எரிந்த பேரிங் என்று அவர் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. எண்ணெய் ஊற்றவில்லை என்று முடித்ததுதான் கொஞ்சம் அவசரம்.

"அப்ப இடமா சுத்தினா முள்ளு நிக்கணும்" என்றாள் ஆதிலட்சுமி. "சுத்தி காட்டறேன்."

இளவரசன் பதறிப்போய் முன்னால் வந்தான். "அக்கா, வேணாக்கா! இடமா சுத்தினா எடத்துக்கு ஆகாது. அப்பறம் ஒரு பிளாட்டு விக்காது!"

"இப்ப வித்துகினா இருக்குது?"

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. அவன் சிரிக்கவில்லை. "சட்டம் போட்டதே நீங்கதானேக்கா. யாரு செத்துட்டான்னு கேட்டீங்களே என்னிய."

அது நேராகப் போய்த் தைத்தது. வாரம் முழுக்க வலப்பக்கமும் இடப்பக்கமும் திருப்பி எட்டு போடக் கற்றுக்கொடுக்கிறவள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரே பக்கமாகச் சுற்றிப் பூஜ்யம் போட்டிருக்கிறாள். மற்றவர்கள் வளைவில் காலைத் தூக்கியதால் பிழைத்தார்கள். இவள் தூக்காததால் என்ஜின் போயிற்று. கையை நீட்டி மறித்ததும் இவள்தான். இப்போது பேசாமல் வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம், காசி ஏதாவது செய்து சரிபண்ணிவிடுவார், சட்டத்தைப் பற்றி ஒருத்தரும் பேச மாட்டார்கள். ஆனால் எண்ணெய் பார்க்க மறந்தவள் என்கிற பேர் ஆயுசுக்கும் நிற்கும். ஆதிலட்சுமி மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். வண்டியை நிறுத்திவிட்டுத்தான் போட்டாள்.

"ஏறுங்க" என்றாள் கணவரிடம்.

குட்டையை இடமாகச் சுற்றினாள். வலமாகச் சுற்றியபோது எவ்வளவு மிதித்தாளோ அதே அளவு மிதித்தாள். ஓரத்தில் நின்றவர்களில் இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். முருகவேல் மூச்சு விடவில்லை, கண்ணும் சிமிட்டவில்லை. ஒரு சுற்று. இன்னொரு சுற்று. முள் ஆணி அடித்தது போல நின்றது. வானம் இடிந்து விழவில்லை, யாரும் சாகவில்லை, மலை இருந்த இடத்திலேயே இருந்தது.

வண்டி நின்ற பிறகும் முருகவேல் இறங்கவில்லை. கைப்பிடியை விடாமல், முள்ளைப் பார்த்தபடியே சொன்னார்.

"நீ மறக்கல."

"அன்னிக்கே சொன்னேன்."

"தப்பே பண்ணாதவள மன்னிச்சிட்டேனே லட்சுமி. பெரிய மனுசன் மாதிரி தோச வேற வெச்சேன்."

"தோச இருக்கட்டும். அந்த மன்னிப்ப திருப்பி எடுத்துக்குங்க." குரல் உடைந்துவிட்டது. இவ்வளவு நாளும் ஊர் முன்னால் உடையாத குரல். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். முருகவேல் சரியென்று தலையை அசைத்தார்.

வெளியே காசி தன் பங்குக்குப் பரிகாரம் அறிவித்துக்கொண்டிருந்தார். எண்ணெய்த் தொட்டிக்குள் குறுக்கே தகடு வைத்துப் பற்றவைத்தால், எந்தப் பக்கம் சுற்றினாலும் எண்ணெய் ஓடாமல் குழாயடியில் நிற்குமாம். இந்த யோசனை அவருக்கு முன்பே இருந்ததாம். இளவரசன் அதற்குள் புதுச் செய்தியோடு கைப்பேசியை எடுத்துவிட்டான். அக்கா எண்ணெய் பார்க்க மறக்கவில்லை என்பதை அவன் யாரிடமும் சொன்னதாகத் தகவல் இல்லை. அக்கா போட்ட சட்டம்தான் என்ஜினைத் தின்றது என்பது மட்டும் மத்தியானத்துக்குள் தேரடித் தெரு தாண்டிவிட்டது.

அவன் பேசுவது காருக்குள்ளேயே கேட்டது. ஆதிலட்சுமி கண்ணாடியை இறக்கினாள். எல்லோருக்கும் கேட்கிற குரலில், ஸ்கூலில் அதட்டுகிற அதே குரலில் சொன்னாள்.

"ஆமாண்டா, சட்டம் போட்டது நான்தான். வளைவுல கால எடுக்காம மெரிச்சதும் நான்தான். ரெண்டையும் சேத்தே சொல்லு."

கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சாவியில் கை வைத்தாள். திருப்பவில்லை. பக்கத்தில் முருகவேல் தொண்டையைச் செருமினார்.

"லட்சுமி, இப்ப ஒரு மன்னிப்பு திருப்பி குடுத்தியே."

"ஆமா."

"எங்கிட்டயேதான் இருக்குது. வேணுமா?"

ஆதிலட்சுமி அவரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அந்த ஊரில் யாரும் அவளிடம் கேட்டிராத சிரிப்பு ஒன்று சிரித்தாள்.

"குடுங்க," என்றாள். "இது எனக்கு சேர வேண்டியதுதான்."